ஒரு மூட்டை முந்திரிக்கொட்டைக்கு எத்தனை சதவீதம்? சுழற்சிப் பொருளாதாரத்தில் அளவீடும் இலக்கும்

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை 80 கிலோ மூட்டைக் கணக்கில் கைமாறுகிறது. அந்த ஒரு மூட்டையை உடைத்தால் ஏறத்தாழ 20 கிலோ பருப்பு கிடைக்கும். கொட்டையின் தரம், ஈரப்பதம், கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு ஓடு உடைக்கும் பெண்களின் கைப்பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து இது இரண்டொரு கிலோ கூடலாம், குறையலாம். மீதியில் பெரும்பகுதி ஓடு. கணக்குக்காக 56 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியது பருப்பின் மேல்தோலும் உலர்த்தும்போது போய்விடும் ஈரமும். இந்த மூட்டை எவ்வளவு திறம்படப் பயன்பட்டது என்று கேட்டால், பருப்பு வியாபாரி 20-ஐ 80-ஆல் வகுத்து 25 சதவீதம் என்பார். ஓட்டை முந்திரி எண்ணெய் ஆலைக்கு விற்கும் தொழிற்கூடத்தார் பருப்பையும் ஓட்டையும் கூட்டி 95 சதவீதம் என்பார். தோப்புக்காரர் ஒருவர், கொட்டையைத் தாங்கி நின்ற பழத்தை இருவருமே மறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டுவார். முந்திரிப் பழம் கொட்டையைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு எடை உடையது. ஆறு மடங்கு என்று கொண்டாலும் 80 கிலோ கொட்டைக்கு 480 கிலோ பழம். மரம் தந்த 560 கிலோவில் விலைபோனது 76 கிலோ, அதாவது சுமார் 14 சதவீதம்.

மூவரின் வகுத்தலிலும் பிழை இல்லை. எதை எதனால் வகுத்தார்கள், கணக்கின் எல்லையை எங்கே போட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. சுழற்சிப் பொருளாதாரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. நிறுவன அறிக்கையிலோ நகராட்சியின் விளம்பரப் பலகையிலோ ஒரு சதவீதத்தைக் கண்டால், அது எந்த மொத்தத்தின் சதவீதம் என்று கேட்க வேண்டும். அந்த மொத்தத்தைச் சொல்லாத சதவீதத்தை நம்புவதற்கு இடமில்லை என்பதே என் துணிபு.

சுழற்சிப் பொருளாதாரம் என்பது, மண்ணிலிருந்து எடுத்து, பொருளாக்கி, பயன்படுத்தி, குப்பையில் எறிந்துவிடும் ஒருவழிப் பாதைக்கு மாற்று. பொருளை நெடுநாள் புழக்கத்தில் வைத்திருப்பதும், பழுதுபார்ப்பதும், வேறொருவர் கைக்கு மாற்றிவிடுவதும், இனி உதவாது என்ற நிலையில் அதன் மூலப்பொருளை மீட்பதும், உயிர்ப்பொருளாக இருந்தால் மண்ணுக்கே திருப்பித் தருவதும் இதில் அடங்கும். இதற்கான அவசரம் எண்களில் தெரிகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, உலகம் 1970-இல் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டன் மூலப்பொருளை எடுத்தது. இன்று அது 10,600 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. உலகப் பொருளாதாரத்தில் புழங்கும் பொருளில் எத்தனை பங்கு மீட்டெடுத்த பொருள் என்பதைக் கணிக்கும் 'சர்குலாரிட்டி கேப்' அறிக்கையில் 2018-இல் 9.1 சதவீதம் என்றிருந்தது 2023-இல் 7.2 சதவீதமாக இறங்கியது. மீட்பு வேலை நின்றுபோனதால் ஏற்பட்ட இறக்கம் அன்று இது. மீட்பதைவிட வேகமாகப் புதிதாக எடுப்பது கூடியதன் விளைவு. வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகிறது.

திறனும் சுழற்சியும் ஒன்றல்ல என்பதையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. கடலூர் மாவட்டத்துக் கரும்பு விவசாயிகளுக்குத் திறனை அளப்பது புதிய செய்தியன்று. அரைத்த கரும்பின் எடையில் எத்தனை சதவீதம் சர்க்கரையானது என்பதே பிழிதிறன். ஒன்றிய அரசு அறிவிக்கும் கரும்பு விலையும் அதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவீதப் பிழிதிறன் இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய், 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் 329 ரூபாய் 5 காசு. ஒரு அளவீடு ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே தொடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் ஒரு டன் கரும்பை அரைத்தால் 280 முதல் 300 கிலோ வரை சக்கை மிஞ்சும். நெல்லிக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் ஆலைகளில் அது கொதிகலனுக்கு எரிபொருளாகி, ஆலையை ஓட்டி, மின்சாரமும் தருகிறது. கழிவுப்பாகு சாராய வடிப்பாலைக்கும், வடிகட்டியில் படியும் மண்டி உரமாகி வயலுக்கும் போகின்றன. இவற்றில் ஒன்றுமே பிழிதிறன் என்ற எண்ணில் தெரியாது. ஒரு பொருளை எவ்வளவு குறைந்த மூலப்பொருளில் பெற்றோம் என்பதைத் திறன் சொல்கிறது. உள்ளே வந்த எல்லாமே எங்கே போயின, அவற்றில் எவை மீண்டும் பயனுக்கு வந்தன என்பதைச் சுழற்சிக் கணக்கு சொல்கிறது. இரண்டும் தேவை. சில நேரங்களில் இவை ஒன்றோடொன்று மோதவும் செய்யும்: கடைசிக் கிலோ கழிவையும் மீட்க முயன்றால், அதற்குச் செலவாகும் மின்சாரமும் நீரும் மீட்டதன் பயனைத் தின்றுவிடக்கூடும்.

பொருளளவில் சுழற்சியை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு குறியீட்டை எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2015-இல் வெளியிட்டது. அது மூன்று கேள்விகளை மட்டும் கேட்கிறது. பொருளைச் செய்யப் புதிதாக எடுத்த மூலப்பொருள் எவ்வளவு? ஆயுள் முடிந்தபின் மீட்கவே முடியாமல் குப்பையாவது எவ்வளவு? அதே வகைப் பொருள்களின் சராசரியோடு ஒப்பிட்டால் இது எத்தனை காலம், எவ்வளவு தீவிரமாக உழைக்கிறது? விடை 0-க்கும் 1-க்கும் இடையில் வரும். முழுக்கப் புதிய மூலப்பொருளில் செய்து, சராசரி ஆயுள் வரை உழைத்து, முழுக்கக் குப்பைக்குப் போகும் பொருளுக்கு 0.1 என்ற மதிப்பு கிடைக்கும்.

இதைக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். முதல் பெட்டி, பாதி மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது, உடைந்த பிறகு அதில் பாதி மறுபடி மீட்கப்படுகிறது, ஆயுள் சராசரியானது. புதிய பொருளின் பங்கு 0.5, குப்பையின் பங்கு 0.5, இரண்டின் சராசரியான 'ஒருவழிப் பங்கும்' 0.5. ஆயுள் சராசரியாக இருந்தால் பெருக்குவதற்கென்று குறியீடு வகுத்துள்ள எண் 0.9; அதனால் பெருக்கி 0.45 என்று பெற்று, 1-லிருந்து கழித்தால் 0.55. இரண்டாவது பெட்டி, முழுக்கப் புதிய பிளாஸ்டிக். கடைசியில் முழுக்கக் குப்பை. ஆனால் சராசரியைப் போல இருமடங்கு காலம் உழைக்கிறது. ஒருவழிப் பங்கு 1. ஆயுள் இரட்டிப்பானதால் 0.9 பாதியாகி 0.45 ஆகிறது, 1-லிருந்து கழித்தால் இதற்கும் 0.55. மீட்பில் ஏற்படும் இழப்புகளை எளிமைக்காக இங்கே விட்டுவிட்டேன். ஆயுளை இரட்டிப்பாக்குவதும் பாதியை மறுசுழற்சி செய்வதும் இந்தக் குறியீட்டின் கண்ணுக்கு ஒரே எடை. தொடக்கநிலை வாசகர்கள் பலரும் எண்ணிப் பார்க்காத விடை இது. சுழற்சி என்றதும் மறுசுழற்சி ஆலை ஒன்றே நினைவுக்கு வருகிறது. பெட்டியின் விளிம்பில் விரிசல் விட்டதும் அதை ஒட்டித் தருபவரின் வேலையும் அதே கணக்கில் மதிப்பு பெறுகிறது. பாதி மறுசுழற்சிப் பொருளில் செய்து பாதி மீட்கப்படும் அந்த முதல் பெட்டியே இருமடங்கு ஆயுளும் உள்ளதாக இருந்தால் மதிப்பு 0.775-க்கு உயரும்.

மறுசுழற்சிக் கணக்கில் அடிக்கடி நேரும் குழப்பம், சேகரித்ததை மீட்டதாக எண்ணுவது. புதுச்சேரியின் ஒரு தெருவில் வீட்டுக்காரர் பிரித்துக் கொடுத்த பிளாஸ்டிக்கைத் தூய்மைப் பணியாளர் வாங்கிச் செல்கிறார். அதில் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வது தண்ணீர்ப் பாட்டிலும் வாளியும் பால் உறையும். பல அடுக்குகள் ஒட்டிய மசாலாப் பொட்டலத்துக்கு அவர் தராசில் இடமில்லை. எடுத்ததிலும் கழுவும்போதும் உருக்கும்போதும் ஒரு பங்கு போய்விடும். நூறு கிலோவில் 70 கிலோ சேகரிக்கப்பட்டு, அதில் 80 சதவீதம் மட்டும் நல்ல மூலப்பொருளாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 56 கிலோ. அதே விகிதத்தில் இன்னொரு சுற்று போனால் 31 கிலோ. மூன்றாம் சுற்றில் 18 கிலோகூட இல்லை. 70 சதவீதம் என்ற அறிவிப்புக்கும் இந்த எண்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு! ஐரோப்பிய ஒன்றியம் தன் பொதியுறைச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது, பொருள் மறுசுழற்சி ஆலையின் செயல்முறைக்குள் நுழையும் இடத்தில்தான் எடைபோட வேண்டும் என்று வரையறுத்தது இந்தக் காரணத்தால்தான்.

எரிப்பதையும் மீட்பதையும் ஒரே பெயரில் எழுதுவது மற்றொரு குழப்பம். முந்திரி ஓட்டிலிருந்து எண்ணெய் பிழிந்து எடுத்தால் அது பெயின்ட்டுக்கும் பிரேக் உராய்வுப் பொருளுக்கும் மூலப்பொருளாகிறது. பிழிந்த சக்கை அடுப்புக்குப் போகிறது. விறகுக்குப் பதில் சக்கை எரிவது நல்லதே. ஆனால் எரிந்த பொருள் சுழற்சிக்குத் திரும்புவதில்லை. ஆகவே அதை எரிசக்தி மீட்பு என்று தனி வரியில் எழுத வேண்டும். தோப்பில் விழுந்து மக்கும் பழத்துக்கும் இதே நேர்மை வேண்டும்: அது விற்றதும் ஆகாது, முழு விரயமும் ஆகாது, மண்ணுக்குத் திரும்பியது என்று மூன்றாவது வரி ஒன்று தேவை. அந்த வரியில் உள்ள அளவு பெரிதாக இருந்தால், பழச்சாறாகவோ மாட்டுத் தீவனமாகவோ அதற்கு முன்பே ஒரு பயன் இருக்கிறதா என்று தேட வழி பிறக்கும்.

தரம் இறங்குவது பற்றியும் ஒரு சொல். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணி வெட்டுக் கழிவிலிருந்து காகிதம் செய்துவருகிறது. மரம் வெட்டாமல் கிடைக்கும் நல்ல காகிதம் அது. எனினும் துணி மறுபடி துணியாகவில்லை, காகிதமாயிற்று. பின்னலாடைத் தொழிலின் பஞ்சுத் தேவை இதனால் குறையாது; காகிதத் தொழிலின் மரக்கூழ்த் தேவைதான் அந்த அளவுக்குக் குறைகிறது. எந்தப் புதிய மூலப்பொருளுக்கு மாற்றாக இது வந்தது என்பதை எழுதிவைத்தால், கணக்கு சரியான இடத்தில் வரவு வைக்கப்படும்.

எடையை மட்டும் பார்ப்பதன் போதாமையைக் கடலூரில் வாழ்பவர்க்கு விளக்க வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் காற்று, நீர் மாசைப் பற்றிப் பல்லாண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறார்கள். ஒரு ஆலை தன் திடக்கழிவில் பத்தில் ஒன்பது பங்கை மீட்டு, மீதி ஒரு பங்கில் நச்சுக் கரைப்பானை வெளியேவிட்டால், எடைக் கணக்கு 90 சதவீதம் என்று பாராட்டும். ஒரு கிலோ மணலும் ஒரு கிலோ கரைப்பானும் ஒரே வரியில் கூட்டப்படக் கூடாது. சுழற்சியை அளப்பதற்கான முறையை வகுத்து 2024-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 59020 தரநிலையும் உள்ளே வரும் வளம், வெளியே போகும் வளம், ஆற்றல், நீர், பொருளியல் மதிப்பு எனத் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது.

நீர்க் கணக்கில் எல்லை இன்னும் கூர்மையான கேள்வியாகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்ட வேண்டுமானால், அதன் அடியிலுள்ள நீர்த்தாங்கியின் மேல்நோக்கிய அழுத்தத்தைக் குறைக்க நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும், வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்கும் பயன்படுகிறது. சுரங்கத்தின் வேலியை எல்லையாகக் கொண்டால் மறுபயன்பாட்டு விகிதம் உயர்ந்து நிற்கும். நீர்த்தாங்கியையே எல்லையாகக் கொண்டால், எடுத்ததற்கு ஈடாக மழை எவ்வளவு திருப்பித் தந்தது என்பதே கேள்வியாகும். உழவர்க்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடை.

இனி இலக்குக்கு வருவோம். இலக்கை விகிதமாகவும் வைக்கலாம், மொத்த அளவாகவும் வைக்கலாம். விகிதத்தை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய அனல்மின் நிலையங்களின் உலர்சாம்பல் ஒரு நல்ல பாடம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 1996-97-இல் சுமார் 6.9 கோடி டன் சாம்பல் உண்டாகி, அதில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே பயன்பட்டது. 2021-22-இல் சுமார் 27 கோடி டன் உண்டாகி, ஏறத்தாழ 96 சதவீதம் பயன்பட்டது. 1999-இல் தொடங்கிய அறிவிக்கைகளும், முழுப் பயன்பாட்டைக் கட்டாயமாக்கிய 2021 டிசம்பர் அறிவிக்கையும், சிமென்ட், செங்கல் தொழில்களின் தேவையும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது. பயன்படாமல் ஆண்டுதோறும் குவிவதும் உண்மையாகவே குறைந்தது. இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே காலத்தில் உண்டாகும் சாம்பல் நான்கு மடங்கானது. நிலக்கரி எரிப்பும் புகைபோக்கி வழியே போன கரியமில வாயுவும் இந்த விகிதத்துக்குள் வரவே இல்லை. தாழ்வான நிலத்தை நிரப்பியதும், சுரங்கக் குழியை மூடியதும், செங்கலாக்கியதும் 'பயன்பாடு' என்ற ஒரே தலைப்பில்தான் எண்ணப்படுகின்றன. விகித இலக்கின் பக்கத்திலேயே மொத்த அளவு இலக்கு ஒன்றும் இருந்தாலன்றி, சதவீதம் ஏறிக்கொண்டே போகும்போது சுமையும் ஏறிக்கொண்டே போகலாம்.

இலக்கை எந்த வாசலில் வைப்பது என்பது அடுத்தது. பிளாஸ்டிக் பொதியுறைகளுக்காக 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் இரண்டு வாசலிலும் வைத்தன. கெட்டியான பிளாஸ்டிக் பொதியுறையில் 2024-25-இல் 50 சதவீதமும் 2027-28-இல் 80 சதவீதமும் மறுசுழற்சி ஆக வேண்டும் என்பது வெளியேறும் வாசலின் இலக்கு. புதிய பொதியுறையில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் 2025-26-இல் 30 சதவீதமும் 2028-29-இல் 60 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது உள்ளே வரும் வாசலின் இலக்கு. இரண்டாவது இல்லாவிட்டால், மீட்ட பிளாஸ்டிக்கை வாங்க ஆளிருக்காது. காயலான் கடையின் விலை சரிந்து, பொறுக்குவோர் முதலில் கைவிடுவது அந்தப் பொருளைத்தான். வளைந்து கொடுக்கும் உறைகளுக்கும் பல அடுக்கு உறைகளுக்கும் இந்த எண்கள் வெகுவாகக் குறைவு. அவற்றை மீட்பது கடினம் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

அடிப்படை ஆண்டைத் தேர்வதில் இந்தக் கரையோரத்தவர்க்குத் தனி எச்சரிக்கை தேவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பகுதியின் முந்திரி, பலா மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. அதற்கு அடுத்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டு எவரேனும் முந்திரித் தொழிலின் வளர்ச்சியைக் கணக்கிட்டால், ஒன்றும் செய்யாமலே அவர் இலக்கை எட்டிவிடுவார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரைகடந்தபோது கொட்டிய மழையும் வெள்ளமும் வீடுகளிலிருந்து வெளியேற்றிய பாயும் மெத்தையும் மரச்சாமானும், அந்த ஆண்டின் குப்பைக் கணக்கை வழக்கத்துக்கு மாறாக உயர்த்தியிருக்கும். மூன்று ஆண்டுச் சராசரியை அடிப்படையாகக் கொள்வதும், புயல் கழிவைத் தனிக் கணக்காக எழுதுவதும் எளிய தீர்வுகள்.

எட்டக்கூடிய உச்சம் எது என்பதையும் அறிந்தே இலக்கு வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பயன்படும் மொத்தப் பொருளில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 2010-இல் 10.7 சதவீதம், 2023-இல் 11.8 சதவீதம். இதை இரட்டிப்பாக்க 2020-இல் உறுதி எடுத்த பின்னும் நகர்வு இவ்வளவே. காரணம் சோம்பல் மட்டுமன்று. எடுக்கும் பொருளில் ஒரு பெரும் பங்கு எரிபொருளாகப் புகைந்துவிடுகிறது. இன்னொரு பெரும் பங்கு கட்டடமாகவும் சாலையாகவும் பல பத்தாண்டுகளுக்கு உறைந்துவிடுகிறது. புதுச்சேரியின் புறநகரில் இந்த ஆண்டு எழும் அடுக்குமாடியின் கம்பியும் சிமென்ட்டும் ஐம்பது ஆண்டு கழித்தே இடிபாடாக வெளிவரும். இன்று இடிபடுவதோ ஐம்பது ஆண்டுக்கு முன் கட்டிய சிறிய வீடு. ஆகவே வளரும் ஊரில், இடிபாட்டை நூறு சதவீதம் மீட்டாலும் புதுக் கட்டுமானத்தின் தேவையில் ஒரு சிறு பங்குதான் நிறையும். அங்கே மீட்பு விகிதத்தைவிடப் பயன் தரும் இலக்குகள் வேறு: ஒரு சதுர மீட்டருக்குச் செலவாகும் சிமென்ட்டைக் குறைப்பது, நிற்கும் கட்டடத்தை இடிக்காமல் செப்பனிட்டுப் பயன்படுத்துவது. பிரெஞ்சுக் காலத்து வீடுகளைப் புதுப்பித்து விடுதியாக்கியவர்கள் மரபைக் காத்ததோடு, பல நூறு டன் பொருளையும் மண்ணிலிருந்து எடுக்காமல் காத்திருக்கிறார்கள்; அந்த வரவை எழுதிவைக்கும் பழக்கம்தான் வரவேண்டும்.

இத்தனையும் தெரிந்த ஒரு பேரூராட்சியோ சிறு தொழிற்கூடமோ தன் இலக்கை எழுதினால் அது இப்படி அமையலாம்: "கடந்த மூன்று ஆண்டுச் சராசரியில், ஒரு மூட்டைக் கொட்டைக்கு எரித்த விறகின் அளவைக் கால் பங்கு குறைப்போம்; ஆண்டு மொத்த விறகும் அந்தச் சராசரியைத் தாண்டாது; ஓடு முழுவதும் எண்ணெய் ஆலையின் எடைச் சீட்டோடுதான் வெளியேறும்; மேல்தோல், பழம் இரண்டையும் எங்கள் எல்லைக்குள் சேர்த்தே எழுதுவோம்." எதை, எந்த அளவிலிருந்து, எவ்வளவு, எந்த எல்லைக்குள் என்பவை நான்கு கூற்றுகளில் அடங்கிவிடுகின்றன. காலக்கெடுவையும் யார் எடை போடுவார் என்பதையும் சேர்த்துவிட்டால் அது சரிபார்க்கக்கூடிய இலக்காகும்.

எடை போடும் இடத்தில் கவனிக்க ஒன்று உண்டு. இங்கே மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மாதங்களில் எடை மேடையில் ஏறும் குப்பை வண்டியில் கணிசமான பங்கு தண்ணீர்; நனைந்த அட்டையின் டன் கணக்கும் கோடையில் உலர்ந்த அட்டையின் டன் கணக்கும் ஒன்றல்ல. மாதந்தோறும் ஒரு மாதிரியை உலர்த்தி எடை பார்த்து, அந்த விகிதத்தில் திருத்திய பிறகே மாதங்களை ஒப்பிட வேண்டும். ஆண்டறிக்கையில் சதவீதத்தோடு உள்ளே வந்த டன், வெளியே போன டன், திருத்திய ஈரப்பதம் ஆகிய மூன்றையும் அச்சிட்டால், ஊரில் எவர் வேண்டுமானாலும் அந்த வகுத்தலைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.